நாலாம் நம்பரில் இருந்த கடல்

மதியம் சோறு வடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நான் டோம்பிவிலி வீட்டில் இருப்பதில்லை. கைபேசியைத் திறந்தால் ஒரு பெரிய காடு. அதற்குள் நான் ஒரு வைத்தியக்காரி. கையில் ஒரு கோல் உண்டு. பூதத்தோடு சண்டை போட்டு விழுந்து கிடப்பவர்களை அந்தக் கோலால் தொட்டு எழுப்பிவிடுவதுதான் என் வேலை.

எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். இந்தூரில் ஒருவர், நேபாளத்தில் ஒரு பெண். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. எல்லோரும் என்னை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் என் பையில் பழமும் ரொட்டியும் மட்டும் இருக்கும். காட்டில் சுட்ட கறி ஏதாவது இருந்தால் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். “கேம்லயுமா தீதி விரதம்?” என்று இந்தியில் கேட்டுச் சிரிப்பார்கள். என் மகளும், “மம்மி, அது நெஜக் கறி இல்லம்மா” என்பாள். எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்காது. வேஷம் கட்டியவள் கறி தின்னலாமா?

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குலசை முத்தாரம்மன் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடுவீடாகப் போய் காணிக்கை வாங்குவார்கள். காளி, ராஜா, குரங்கு, போலீஸ் என்று அவரவருக்குத் தோன்றிய வேஷம். வேஷத்தில் இருக்கிறவரைக்கும் அசைவம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, பொய் கிடையாது. வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து, நீ இன்னார் வீட்டுப் பிள்ளைதானே என்று கேட்கக் கூடாது. அம்மன்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்துப் போட வேண்டும். வேஷத்தில் வாங்கியது எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் காப்பை அவிழ்த்து, உண்டியலில் எல்லாவற்றையும் போட்டால்தான் நேர்ச்சை பலிக்கும்.

இந்தச் சட்டத்தையெல்லாம் நான் பதினோரு வயதில் மனப்பாடமாக வைத்திருந்தேன். அதுதான் வினை.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். சால் என்கிற வரிசைக் கட்டடத்தில் ஒரு கோலி, ஒற்றை அறை, அதற்குள் அப்பா, அம்மா, நான், சித்தி. அப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். சித்தி அம்மாவுக்கு எட்டு வயது இளையவள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இங்கே வந்து கம்ப்யூட்டர் படித்து, தொண்ணூறடி ரோட்டில் ஒரு சைபர் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஆறு கம்ப்யூட்டர். யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் எழுதுவது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது இதெல்லாம் அவள் வேலை. காலையும் சாயங்காலமும் கூட்டம் நெரியும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஈ ஓட்டுவார்கள். கடைக்கார அண்ணாச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அந்த நேரத்தில்தான் சித்தி நாலாம் நம்பரைத் திறப்பாள்.

எனக்குக் காலை ஷிப்ட் பள்ளிக்கூடம். மதியம் சித்திக்குச் சோற்று டப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். நாலாம் நம்பருக்குள் ஒரு கடல் இருந்தது. மரத்தால் கட்டிய ஒரு பாலம் கடலுக்குள் நீண்டு போகும். அதன் நுனியில் ஒரு விளக்குக் கம்பம். அதற்குக் கீழே வெள்ளை அங்கி போட்டு, கையில் கோல் வைத்துக்கொண்டு ஒரு வைத்தியக்காரி நிற்பாள். அதுதான் சித்தி.

சரியாக மூன்று மணிக்குக் கரை மேட்டிலிருந்து பச்சை முக்காடு போட்ட வில்லுக்காரர் ஒருவர் ஓடி வருவார். வந்து சித்தி பக்கத்தில் நின்று தூண்டில் போடுவார். சித்தியும் போடுவாள். உலகத்தில் எத்தனையோ அரக்கர்கள் கொல்லப்படாமல் காத்துக் கிடக்க, இவர்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மீன் பிடிப்பார்கள். தலைக்கு மேலே எழுத்து எழுத்தாக வந்து போகும். அதைப் படித்துச் சித்தி தனியாகச் சிரிப்பாள். இங்கிலீஷ் எழுத்தில் ஓடும் அந்த இந்தி எனக்கு எதுவும் புரியாது. மீன் விழுந்தால் மட்டும் கை தட்டுவேன்.

“யாரு சித்தி அது?”

“செம்பூர்ல இருக்காவளாம்.”

“பேரு என்ன?”

“தெரியாது.”

“ஒன் பேரு அவருக்குத் தெரியுமா?”

“ம்ஹும்.”

சித்தி கடைக்கார அண்ணாச்சியைக்கூட முதுகுக்குப் பின்னால் ‘அவரு’ என்றுதான் சொல்வாள். இந்த வில்லுக்காரரை மட்டும் ‘அவிய’ என்பாள். அம்மா அப்பாவைச் சொல்வது அப்படித்தான். வில்லுக்காரர் வயதில் ரொம்பப் பெரியவராக இருப்பார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் சித்தி அம்மனுக்கு வேஷம் போடுவதாக நேர்ந்துகொண்டாள். ஊருக்குப் போக முடியாதவர்கள் தாராவியிலேயே குழுவாகச் சேர்ந்து, மேளத்தோடு தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை வாங்கி, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் சந்திலிருந்தே பதினைந்து பேர். சித்தி நர்ஸ் வேஷம். பக்கத்து கோலி அக்காவிடம் வெள்ளைக் கோட்டு வாங்கி, காதில் மாட்டும் குழாய் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தாள். மேளக்கார மாமா அதைப் பார்த்துவிட்டு, “என்ன நர்ஸம்மா, ஊசி கீசி போடுவியளா?” என்றார். “ஒங்களுக்கு நாக்குலதான் மாமா போடணும்” என்றாள் சித்தி. பிறகு விரதத்தில் இருப்பது நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எதற்காக நேர்ந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். “நேர்ச்சையக் கேக்கப்பிடாதுட்டீ. சொன்னா பலிக்காது” என்றாள் அம்மா. என் கணக்கில் அது அம்மாவுடைய இருமலுக்காக இருக்க வேண்டும். அம்மா அப்போது ரொம்ப இருமிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் வேஷம் போட ஆசை. வால் வைத்த குரங்கு வேஷம். “காலையில பிஸ்கட்டு இல்லாம ஒனக்குக் கண்ணே தொறக்காது. நீ விரதம் இருந்து கிழிச்ச” என்று அம்மா மறுத்துவிட்டாள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே கடைக்குப் போனேன். சித்தி என் மூக்கைத் துடைத்துவிட்டு நாலாம் நம்பருக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாள்.

“இதுக்கா அழுத? என்கிட்ட வேஷம் ரெண்டு இருக்கு. ஒண்ணு நான் கட்டுதேன். இந்தா, இத நீ கட்டிக்கோ. தெனம் ரெண்டரையிலிருந்து மூணு வரைக்கும் நீதான் வைத்தியச்சி.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து, வெள்ளை நூலை மஞ்சளில் முக்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பல்லால் கடித்து இறுக்கி என் வலது கையில் நானே காப்புக் கட்டிக்கொண்டேன்.

அம்மா பார்த்துவிட்டாள். என்னை அடிக்கக் கை ஓங்கினவள், மஞ்சளைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டாள். “வெளையாட்டாட்டீ ஒனக்கு? சரி. கட்டுனது கட்டுனதுதான். காப்பு அவுக்கிற வரைக்கும் முட்டை, மீனு எதுவும் கெடையாது பாத்துக்கோ.”

பத்து நாள் நான் ஒழுங்காக விரதம் இருந்தேன். நாலாம் நம்பருக்குள்ளும் இருந்தேன். விழுந்து கிடந்தவர்களைக் கோலால் தொட்டு எழுப்புவேன். சிலர் எழுந்ததும் ஒரு தங்கக் காசு, ஒரு பச்சிலை, ஒரு மயில் இறகு என்று ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொன்றாகப் பையில் சேரச் சேர எனக்கு உடம்பு சிலிர்க்கும். காணிக்கைதானே அது! வேறு என்ன? மூன்று மணி அடிக்கும்போது சித்தி என்னைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, தூண்டிலைப் பார்த்தபடியே சித்தி என்னிடம் கேட்டாள்.

“ஏட்டி, மாட்டுங்கா ஸ்டேஷன் வெளிய பூக்கடைப் பக்கம் நின்னா, தெரிஞ்சவிய யாராவது பாப்பாவளா?”

“அம்மா செவ்வாக்கெழம பூ வாங்கப் போவா.”

“அப்ப புதங்கெழம” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “யார்ட்டயும் சொல்லிராத. தசரா அன்னைக்கு மூணு மணிக்கு, எங்க வந்து பாக்கணும்னு அவிய சொல்லுதேன்னிருக்காவ. நானும் காப்பு அவுத்தப்புறம் என் பேரச் சொல்லுதேன்னிருக்கேன்” என்றாள்.

“இப்பயே சொன்னா என்ன?”

“வேஷத்துல இருக்கும்போது யாருன்னு சொல்லலாமாட்டீ?”

அது சரிதான் என்று தலையாட்டினேன். சட்டம் சட்டம்தான்.

தசரா வந்தது. முதல்நாள் ஆயுத பூஜைக்கு ஆறு கம்ப்யூட்டருக்கும் அண்ணாச்சி சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார். நாலாம் நம்பரில் கடலுக்கு மேலே ஒரு செவந்திப்பூ தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் மதியம் குழு கிளம்பியது. அண்ணாச்சியும் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். சித்தி வெள்ளைக் கோட்டோடு வேர்த்து விறுவிறுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து, நாலாம் நம்பரைத் திறந்து, வைத்தியக்காரியை விளக்குக் கம்பத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“கேளுட்டீ. நாங்க டி ஜங்ஷன் வரைக்கும் போகணும். மூணு மணிக்குள்ள என்னால வர முடியாது. நீ இங்ஙனயே உக்காரு. ஒண்ணும் பண்ணாண்டாம், சும்மா நில்லு, போதும். அவிய வந்த ஒடனே இந்த நாலு எழுத்த தட்டி இத அமுக்கு. நான் மூணேகாலுக்குள்ள ஓடியாந்துருதேன்.”

பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் இங்கிலீஷில் நாலு எழுத்து எழுதினாள். டபிள்யூ, ஏ, ஐ, டி. ‘கொஞ்சம் இருங்க’ என்று அர்த்தமாம். எழுதிவிட்டு என் கையை மூடி, அந்த மூடிய கையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மேளச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மணி இரண்டே கால். சும்மாதான் நின்றேன். கடல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே பை. பை நிறையக் காணிக்கை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. இன்றைக்குப் பத்தாம் நாள். நாளைக்குக் காப்பு அவிழ்க்கிற அன்று கடை லீவு. அப்படியானால் இந்த வேஷத்துக்கு யார் காணிக்கை செலுத்துவது, யார் காப்பு அவிழ்ப்பது? வாங்கினதை வைத்துக்கொண்டால் சித்தியுடைய நேர்ச்சை என்ன ஆவது? அம்மாவுடைய இருமல் என்ன ஆவது?

குலசையிலும் கடல்தான். இங்கேயும் கடல்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்கு வெளியே போட்டேன். போடும்போதெல்லாம் ஒரு சின்னக் கட்டம் வந்து ஏதோ கேட்டது. எஸ், நோ என்று இரண்டு பொத்தான். எஸ் என்றால் ஆமாம். ஆமாம் தாயே, உனக்குத்தான் என்று சொல்லி அமுக்கினேன். தங்கக் காசு போனது. பச்சிலை போனது. மயில் இறகு, மீன்கள், முத்து, ஒரு சிவப்புத் துப்பட்டா எல்லாம் போனது. கடைசியில் பை காலியாகிவிட்டது. ஆனால் வைத்தியக்காரியின் மணிக்கட்டில் மட்டும் நீலக்கல் வைத்த ஒரு வளையம் மிச்சம் இருந்தது. அது பையில் இல்லை, கையில் இருந்தது. கையில் கட்டியிருப்பது காப்பு இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? வில்லுக்காரர் கையிலும் அதேபோல் ஒன்று உண்டு. அவரும் நேர்ந்திருப்பார் போல என்று நான் முன்னமே நினைத்திருந்தேன்.

அதை எடுத்தபோது வந்த கட்டம் பெரியது. எழுத்தெல்லாம் சிவப்பு. எஸ் அமுக்கினேன். மறுபடியும் கேட்டது. அம்மன் இரண்டு தடவை கேட்கிறாள், உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீல வெளிச்சம் ஒன்று மேலே எழும்பி அணைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மன் ஏற்றுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வில்லுக்காரர் வந்தார். எப்போதும் ஓடி வருகிறவர் அன்றைக்கு மேட்டிலேயே நின்றார். பிறகு மெதுவாக நடந்து பாலத்துக்கு வந்தார். பக்கத்தில் வரவில்லை, நாலு பலகை தள்ளியே நின்றார். தலைக்கு மேலே நீளமாக ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னதாக ஒரு வரி, கடைசியில் கேள்விக்குறியோடு. பண்டிகை நாள் அல்லவா, வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேஷம் முடித்தவர்கள் எல்லோரையும் கும்பிட்டுத்தான் விலக வேண்டும். அந்த விளையாட்டில் ஒரு எழுத்தை அமுக்கினால் வைத்தியக்காரி கையைக் கட்டித் தலை குனிவாள். நான் அதை அமுக்கினேன். நன்றாகக் குனிந்து கும்பிட்டாள்.

வில்லுக்காரர் அசையாமல் நின்றார். பிறகு அவரும் அதேபோல் குனிந்தார். அடுத்த நொடி அந்த இடத்தில் வெறும் பலகைதான் இருந்தது.

அப்போதுதான் என் உள்ளங்கை ஞாபகம் வந்தது. விரித்துப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். வைத்தியக்காரியின் தலைக்கு மேலே அந்தச் சொல் வந்தது. கொஞ்ச நேரம் நின்று மறைந்தது. மறுபடியும் தட்டினேன். மூன்று தடவை தட்டினேன். மேட்டிலிருந்து யாரும் வரவில்லை.

மூன்று இருபதுக்கு ஷட்டருக்குக் கீழே குனிந்து சித்தி உள்ளே வந்தாள். முகப்பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

“வந்தாவளாட்டீ?”

சொன்ன வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்ற பயம் ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்தது. காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “வரலை சித்தி” என்றேன்.

சித்தி உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். பிறகு வைத்தியக்காரியின் கையைப் பார்த்தாள்.

“கையில கெடந்தது எங்கட்டீ?”

“அவுத்துட்டேன் சித்தி. நாளைக்குக் கடை லீவுல்லா. காணிக்கையும் போட்டாச்சு. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை, பாராட்டுவாள் என்றுதான் நின்றேன். அவள் இரண்டும் செய்யவில்லை. பிறகு கழுத்தில் கிடந்த டாக்டர் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நெசமா அவிய வரலல்ல?” என்று கேட்டாள்.

“வரலை.”

“அப்பச் சரி” என்று மூச்சு விட்டாள். “வந்தா சொல்லிக்கிடுதேன். பிள்ள தெரியாம பண்ணிட்டான்னு சொன்னா கேப்பாவ. நல்ல மாதிரி.” அப்படிச் சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள். வேகவேகமாக ஏதோ நீளமாகத் தட்டினாள். ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்து ஷட்டரைத் தூக்கும் வரைக்கும் இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு சித்தி அந்தப் பாலத்தில் நின்றாள். தீபாவளிக்கு நின்றாள், பொங்கலுக்கு நின்றாள். மழைக்காலத்தில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைக்குப் போனாள். தூண்டிலில் மீன் விழுந்தால் எடுக்காமலே விட்டுவிடுவாள். அடுத்த வருஷம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு ஆண்டாப் ஹில்லில் மளிகைக் கடை. தங்கமான மனுஷர், இன்றைக்கும் அவர் சித்தியை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகள். சித்தி இப்போது பருத்துவிட்டாள். கைபேசியில் கோயில் அபிஷேகம்தான் பார்ப்பாள்.

எனக்கு எல்லாம் புரிந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். நான் ஆடுகிற இந்த விளையாட்டிலும் ஜோடி சேர்கிறவர்களுக்கு ஒரு மோதிரம் உண்டு. எங்கள் கூட்டத்து நேபாளப் பெண்ணுக்கும் வேறொருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். அந்த ஆள் மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டார். உடனே அவளுக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதை அவள் எங்களுக்கு அனுப்பினாள். ‘உங்கள் துணை இந்தப் பந்தத்தை முறித்துக்கொண்டார்.’ படித்துக்கொண்டே இருக்கும்போது அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. கேஸ் நாற்றம் வந்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. போய் விளக்கேற்றி அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

மேட்டில் நின்ற அந்த மனுஷர் அன்றைக்கு அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வந்து காரணம் கேட்டிருக்கிறார். நான் கும்பிட்டு விடை கொடுத்தேன்.

போன தசராவுக்கு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கைபேசியில் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இதுல கடல் இருக்காட்டீ?”

“இருக்கு சித்தி.”

“காமி.”

காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்க கடல் இதவிட நல்லாருந்துச்சு” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், “சட்டினிக்குத் தேங்கா துருவியாச்சா?” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பழைய விளையாட்டு இப்போது இல்லையாம், எப்போதோ மூடிவிட்டார்களாம். இருந்தாலும் என் காட்டில் மூன்று மணி ஆனால் கடற்கரைக்கு ஒரு நடை போய் வருவேன். பச்சை முக்காடு போட்ட வில்லுக்காரர் யாராவது எதிரே வந்தால் என் விரல் நின்றுவிடும். வேஷம்தானே மாறியிருக்கும், ஆள் அவராகவே இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. யார் என்று கேட்க மாட்டேன். கேட்டு என்ன சொல்லப்போகிறேன்? பக்கத்தில் போய்க் கோலால் தொட்டு, அவருக்குக் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆற்றிவிட்டு வருவேன்.

அந்தப் பதினோரு வயதுத் தசராவுக்கு மறுநாள் சந்துக் கோயிலில் காப்பு அவிழ்த்ததை இங்கே சொல்லாமல் விட்டேன். வரிசையில் சித்திக்குப் பின்னால் நான் நின்றேன். பூசாரி என் கையைப் பார்த்து, “இது யார் கட்டுன காப்பு?” என்று சிரித்துக்கொண்டே அதையும் அறுத்துப் போட்டார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மாவுடைய இருமலுக்காக இவ்வளவு உருகுகிறாளே என்று எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம் வந்தது. நானும் கும்பிட்டேன். தாயே, சித்தி கேட்டதை இன்றைக்கே கொடுத்துவிடு, நாங்கள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, உனக்கே தெரியும்.

தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். சித்தி கையை நீட்டினாள். நானும் நீட்டினேன், பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டேன். வலது உள்ளங்கையில் அந்த நாலு எழுத்தும் அழியாமல் இருந்தது. சித்தி பார்த்தால், அவர் வந்ததும் நான் தட்டாமல் விட்டதும் தெரிந்துவிடுமோ என்ற பயம். பாவாடையில் தேய்த்தேன், போகவில்லை. கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“ஏட்டி, கைய நீட்டு. தீர்த்தத்த வேண்டாம்னு சொல்லப்பிடாது” என்று சித்தி தன் கையில் இருந்ததில் பாதியை என் வாயில் ஊற்றினாள். மீதியைத் தான் குடித்துவிட்டு, ஈரக் கையை என் தலையில் துடைத்தாள். வெளியே வந்ததும் மணி என்ன என்று கேட்டாள். செருப்புக்குக் காவல் இருந்த அக்கா, “மூணு ஆகப்போவுது” என்றாள். சித்தி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினாள். எனக்குப் பசி. வீட்டில் அம்மா பத்து நாளைக்குப் பிறகு முட்டை அவித்து வைத்திருப்பாள்.

“கடைதான் லீவாச்சே சித்தி, அங்க யாரு இருக்கப்போறா?” என்று அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.